பழைய கணினிக்குப் புதுப்பித்த பாகங்கள் வாங்கலாமா?

எங்கள் பள்ளியின் பழைய கணினி அறையில் 10 கணினிகள் இருந்தன. அவற்றில் ஓடியவை நான்குதான். எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் 38 பிள்ளைகள். ஒரு கணினிக்கு ஒன்பது பேர், பத்துப் பேர் என்று சுற்றி நிற்பார்கள். முன்னால் இருப்பவர் விசைப்பலகையைத் தட்டுவார், இரண்டாவது வரிசை எட்டிப் பார்க்கும், மூன்றாவது வரிசை சன்னலுக்கு வெளியே பார்க்கும். பாடவேளை முடிந்து மணி அடிக்கும்போது, அன்று ஒரு முறைகூட மௌஸைத் தொடாத பிள்ளைகள்தான் அதிகம்.

உயர் தொழில்நுட்ப ஆய்வகம் மேல் வகுப்புகளுக்கும் இணையவழித் தேர்வுகளுக்குமே சரியாக இருக்கிறது. அதனால் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு, முன்னாள் மாணவர்களும் ஊர்ப் பெரியவர்களும் பல ஆண்டுகளாகக் கொடுத்த கணினிகளை வைத்து இந்த அறையை நடத்துகிறோம். நான் கணித ஆசிரியை. கணினியை முறையாகப் படித்தவள் அல்ல. அறைச் சாவி என்னிடம் இருப்பதால் பொறுப்பும் என்னிடம் வந்தது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது பெற்றோரும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து ரூ.15,000 திரட்டித் தந்தார்கள். அதில் நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்மார்கள் கொடுத்த நூறு ரூபாய்த் தாள்களும் இருந்தன. அந்தப் பணத்தைக் கையில் வாங்கியபோது எழுந்த கேள்விதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. புதிய பாகம் வாங்கினால் இரண்டு மூன்று கணினிகளோடு பணம் தீர்ந்துவிடும். ‘ரீஃபர்பிஷ்டு’ என்று விற்கும் புதுப்பித்த பாகம் வாங்கினால் எல்லாவற்றையும் ஓட வைக்கலாம். ஆனால் எத்தனை நாளுக்கு?

ஏற்கெனவே சுட்டுக்கொண்ட கை

இந்தக் கேள்வியில் எனக்குத் தயக்கம் வரக் காரணம் உண்டு. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கணினியின் எஸ்.எம்.பி.எஸ். பழுதானது. கணினிப் பெட்டியின் பின்புறம் மின்கம்பி செருகும் இடத்தில் இருக்கும் இரும்புப் பெட்டிதான் அது. ஒரு கடையில் புதுப்பித்தது என்று பாதி விலைக்குத் தந்தார்கள். தூசி துடைத்து, புது ஸ்டிக்கர் ஒட்டிப் பளபளப்பாக இருந்தது. மூன்று வாரம் ஓடியது. ஒரு நாள் பிற்பகல் ‘பட்’டென்ற சத்தம், கருகிய வாடை. அதோடு மதர்போர்டும் வன்தட்டும் போய்விட்டன.

அந்த வன்தட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஊர்ப் பெரியவர்களைப் பேட்டி கண்டு தட்டச்சு செய்த ஊர் வரலாறு இருந்தது. ஏரி வெட்டிய கதை, பள்ளிக்கூடம் ஓலைக்கொட்டகையாக இருந்த கதை, கிணற்றடிப் பாட்டுகள். பேட்டி கொடுத்தவர்களில் ஒரு பாட்டி இப்போது இல்லை. நகல் எடுத்து வைக்காதது முழுக்க என் தவறு. ஆனால் சில நூறு ரூபாய் மிச்சப்படுத்தப் போய் ஒரு கணினியையும் ஓர் ஆண்டு உழைப்பையும் இழந்தோம் என்பது மனத்தில் தங்கிவிட்டது.

அதனால் இந்த முறை கடைக்குப் போகும் முன் உட்கார்ந்து படித்தேன், விசாரித்தேன். தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்கிறேன்.

வாங்கும் முன் அறையைப் பாருங்கள்

முதல் பாடம் கடையில் இல்லை, நம் அறையிலேயே இருக்கிறது. ஓடாத ஆறு கணினிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். பக்கத்து ஊரில் கணினி பழுது பார்க்கும் எங்கள் முன்னாள் மாணவர் ஒரு சனிக்கிழமை வந்து உதவினார்.

இரண்டு கணினிகளில் பெரிய பழுது எதுவும் இல்லை. ஒன்றில் ரேம் பட்டையின் தங்க நிற முனைகளில் அழுக்குப் படிந்திருந்தது. மின்இணைப்பைத் துண்டித்து, பட்டையைக் கழற்றி, பென்சில் அழிப்பானால் முனைகளை மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துத் திரும்பச் செருகியதும் கணினி எழுந்தது. இன்னொன்றில் மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ மின்கலம் தீர்ந்திருந்தது. சி.ஆர்.2032 என்ற எண்ணுள்ள 3 வோல்ட் கலம் அது. கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். அது தீர்ந்துவிட்டால் தேதியும் அமைப்புகளும் மறந்துபோய், சில கணினிகள் தொடக்கத் திரையிலேயே நின்றுவிடும்.

மூன்றாவதில் எஸ்.எம்.பி.எஸ். இறந்திருந்தது. நான்காவதில் வன்தட்டு பழுது. மீதி இரண்டில் மதர்போர்டே போய்விட்டது. அவற்றைச் சரிசெய்ய நினைக்காமல், மற்றவற்றுக்கு உதிரிபாகம் தரும் கணினிகளாக வைத்துக்கொண்டோம். ஆக 10 கணினிகளில் 8 ஓடும் என்று தெரிந்தது. வாங்கவேண்டிய பட்டியலும் பாதியாகக் குறைந்தது.

ஓர் எச்சரிக்கை. அரசு வழங்கிய, உத்தரவாதமோ பராமரிப்பு ஒப்பந்தமோ உள்ள கருவிகளை நாம் திறக்கக் கூடாது. அவற்றில் பழுது என்றால் முறைப்படி புகார் பதிவுசெய்வதே வழி. நான் இங்கே சொல்வதெல்லாம் நன்கொடையாக வந்து, பள்ளியின் பெயரில் இருப்புப் பதிவேட்டில் ஏறிய பழைய கணினிகளைப் பற்றி மட்டுமே.

‘புதுப்பித்தது’ என்றால் என்ன?

கடையில் பல சொற்கள் புழங்குகின்றன. எல்லாம் ஒன்றல்ல.

‘யூஸ்டு’ அல்லது ‘செகண்ட் ஹேண்ட்’ என்றால் ஒருவர் பயன்படுத்தியது. அப்படியே கைமாறுகிறது, யாரும் சோதித்திருக்க வேண்டியதில்லை. ‘ரீஃபர்பிஷ்டு’ என்றால் பயன்படுத்தியதைச் சுத்தம் செய்து, சோதித்து, தேவையானால் பழுது நீக்கி விற்பது. ‘ஓபன் பாக்ஸ்’ என்றால் பெட்டி பிரிக்கப்பட்டது, அதிகம் பயன்படுத்தாதது. இந்தச் சொற்களைக் கடைக்காரர் தம் விருப்பப்படி பயன்படுத்துவதும் உண்டு. ஆகவே சொல்லைக் கேட்டு முடிவெடுக்காமல் ‘என்ன சோதித்தீர்கள்? எத்தனை நாள் உத்தரவாதம்? பில் உண்டா?’ என்று மூன்றையும் கேட்க வேண்டும்.

இந்தப் பாகங்கள் எங்கிருந்து வருகின்றன? பெரிய அலுவலகங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கணினிகளை மொத்தமாக மாற்றுகின்றன. பழையவை ஏலத்தில் போகின்றன. வாங்கும் வணிகர்கள் நல்லதைப் பிரித்துச் சோதித்து விற்கிறார்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளிலும் இப்போது இணையக் கடைகளிலும் கிடைப்பவற்றில் இப்படி வந்தவை நிறைய. நன்றாக உழைக்கக்கூடிய பொருள்கள் அவற்றில் உண்டு. குப்பைக்குப் போகவேண்டியதை மீண்டும் பயன்படுத்துவது சூழலுக்கும் நல்லது. எனவே ‘பழையது வேண்டாம்’ என்று ஒரேயடியாக ஒதுக்குவது சரியல்ல. எந்தப் பாகத்தைப் பழையதாக வாங்கலாம் என்று பிரித்தறிவதுதான் வேலை.

மூன்று கேள்விகள்

பாகங்களின் பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து மூன்று கேள்விகள் கேட்டால் போதும்.

1. ஓட ஓடத் தேயும் பொருளா?
2. வாங்கிய சில நாள்களுக்குள் நாமே சோதித்துப் பார்க்க முடியுமா?
3. அது பழுதானால் வேறு எதையெல்லாம் கொண்டுபோகும்?

ரேம்: இதில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை. பெரும்பாலும் தொடக்கத்திலேயே பழுதாகும், இல்லாவிட்டால் பல ஆண்டுகள் உழைக்கும். மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு நாமே சோதிக்கலாம். பழுதானால் கணினி நின்றுபோகும். வேறொரு ரேம் செருகினால் ஓடும். அந்த நேரத்தில் சேமிக்கப்படும் கோப்பு கெடலாமே தவிர, மற்றப் பாகங்களைச் சுட்டுவிடாது. ஆக, பழையதாக வாங்கத் தகுந்த பாகம் இது. ஆனால் வகை பொருந்த வேண்டும். மேசைக் கணினிக்கான டி.டி.ஆர்.3 பட்டையில் 240 முனைகள், டி.டி.ஆர்.4 பட்டையில் 288 முனைகள். நடுவில் இருக்கும் வெட்டின் இடமும் மாறும். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் செருக முடியாது. அழுத்திச் செருக முயன்றால் இரண்டும் உடையும். கடைக்குப் போகும்போது பழைய பட்டையைக் கையோடு எடுத்துப்போவது நல்லது.

செயலி: இதுவும் எளிதில் பழுதாகாத பாகம். முனை வளையாமல் இருந்தால் பழையதை வாங்கலாம். ஆனால் செயலியை மட்டும் மாற்றவேண்டிய தேவை பள்ளிக்கு அரிதாகவே வரும்.

திரை: நேரில் ஓடவிட்டுப் பார்த்து வாங்கலாம். முழு வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து படங்களைப் பென்டிரைவில் கொண்டுபோய் ஒவ்வொன்றாகத் திரையில் நிறுத்தினால் செத்த புள்ளிகளும் கறைகளும் தெரிந்துவிடும். அரை மணி நேரம் ஓடவிட்டு ஒளி நடுங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மதர்போர்டு: யோசித்து வாங்கவேண்டியது. இதிலுள்ள சிறு உருளை வடிவ மின்தேக்கிகள் வயதாக ஆக உலர்கின்றன. தலை உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ தொடவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத பழுதும் இருக்கலாம். குறைந்தது மூன்று மாத உத்தரவாதமாவது எழுத்தில் இல்லாமல் வாங்கக் கூடாது.

வன்தட்டு: இதில் தட்டு சுழல்கிறது, முனை அசைகிறது. ஓட ஓடத் தேயும். ஓரளவுதான் சோதிக்க முடியும். பழுதானால் பிள்ளைகளின் உழைப்பைக் கொண்டுபோகும். மூன்று கேள்விகளுக்கும் பதில் எதிராக வருகிறது.

எஸ்.எஸ்.டி.: அசையும் உறுப்பு இல்லை. ஆனால் எழுதி எழுதி அழிப்பதற்கு ஓர் எல்லை உண்டு. பழையதில் எவ்வளவு எழுதித் தீர்த்திருக்கிறார்கள் என்பது மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. சிறிய கொள்ளளவு போதும், புதிதாகவே வாங்குங்கள்.

எஸ்.எம்.பி.எஸ்.: 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றுவது இது. இதனுள் இருக்கும் மின்தேக்கிகள் வெப்பத்தில் தேய்கின்றன. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் கணக்கு. நம் ஊர் வெயிலில், மின்விசிறி தூசியடைத்த பெட்டிக்குள் அது என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முழுச் சுமையில் சோதிக்க நம்மிடம் கருவி இல்லை. பழுதானால் எல்லாவற்றையும் கொண்டுபோகலாம். எனக்கு நேர்ந்தது அதுதான். பழைய எஸ்.எம்.பி.எஸ். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அதைத் திறந்து பார்க்கவும் வேண்டாம். மின்இணைப்பைத் துண்டித்த பிறகும் உள்ளே மின்னூட்டம் தங்கியிருக்கும்.

மின்கலங்கள்: மடிக்கணினி மின்கலம் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் வயதாகும். உப்பினால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. யூ.பி.எஸ். மின்கலமும் அப்படித்தான், சில ஆண்டுகளில் வலுவிழக்கும். பிள்ளைகள் இருக்கும் அறைக்குப் பழைய மின்கலம் எந்த வகையிலும் வேண்டாம்.

6590 மணி நேரமா?

வன்தட்டு வேண்டாம் என்று இப்போது உறுதியாகச் சொல்கிறேன். ஆனால் அன்று கிட்டத்தட்ட வாங்கப் போனேன். வணிகர் ஒருவர் மூன்று பழைய வன்தட்டுகளைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்லி, அவற்றின் ‘ஸ்மார்ட்’ அறிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஒவ்வொரு வன்தட்டும் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அதைப் படித்துக் காட்டும். வந்த படத்தில் கீழ்ப்பகுதிப் பட்டியல் மட்டும் இருந்தது. ‘ஓடிய நேரம்’ என்ற வரிக்கு நேராக வரிசையாகச் சுழிகள், கடைசியில் 6590.

மனக்கணக்குப் போட்டேன். நம் அறையில் ஒரு கணினி நாளுக்கு 6 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் ஓடினால் 1,200 மணி. 6,590 மணி என்றால் ஐந்தரை ஆண்டு. பரவாயில்லை, வாங்கலாம் என்று தோன்றியது. மறுநாள் அந்தப் படத்தைப் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் காட்டிப் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன்.

“மிஸ், பக்கத்து வரிசைகள்ல எண்ணுக்கு நடுவுல எழுத்தும் வருதே. இது பதினாறு நிலை எண் இல்லையா?” என்றாள்.

அவர்கள் அப்போதுதான் எண் முறைகள் பாடத்தை முடித்திருந்தார்கள். சாக்பீஸை எடுத்து அவளே கரும்பலகையில் போட்டாள்.

6 × 4096 = 24,576
5 × 256 = 1,280
9 × 16 = 144
0 × 1 = 0
கூட்டினால் 26,000.

6,590 மணி அல்ல, 26,000 மணி. ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அப்படியானால் அந்த வன்தட்டு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இரவு பகலாக, ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடியதற்குச் சமமான நேரம் ஓடியிருக்கிறது. நம் பள்ளிக் கணக்கில் இருபத்தொரு ஆண்டுக்கு மேல். வணிகர் ஏமாற்ற நினைத்தார் என்று சொல்ல மாட்டேன். அந்த மென்பொருள் பட்டியலில் எண்களைப் பதினாறு நிலையிலேயே காட்டுகிறது. திரையின் மேற்பகுதியில் அதே நேரம் பதின்ம எண்ணாகவும் தெரியும். படத்தில் அந்தப் பகுதி இல்லை, அவ்வளவுதான். கணிதம் படித்த நான் எண்ணைப் பார்த்தேன், எந்த எண்முறை என்று பார்க்கவில்லை. அவள் பார்த்தாள்.

ஏற்கெனவே அறையில் இருக்கும் வன்தட்டுகளைச் சோதிக்கவும் இந்த அறிக்கை உதவும். 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். கெட்டுப்போனதால் மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகள், ஐயத்துக்குரிய பகுதிகள், மீட்க முடியாத பகுதிகள் ஆகியவற்றின் எண்ணிக்கை அவை. சுழியாக இருந்தால் நல்லது. எண் ஏறிக்கொண்டே போனால் உடனே நகல் எடுத்துவிட்டு மாற்றத் திட்டமிட வேண்டும். எங்கள் அறையில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு கணினிகளில் இந்த எண்கள் ஏறியிருந்தன. மென்பொருள் மஞ்சள் நிறத்தில் எச்சரித்தது. பார்க்காமல் விட்டிருந்தால் ஊர் வரலாறு போனதுபோல் இன்னும் ஏதாவது போயிருக்கும். ஒன்றை நினைவில் வையுங்கள்: விற்பனைக்கு வரும் வன்தட்டுகளில் இந்தக் குறிப்புகளையே அழித்துச் சுழியாக்கி விற்பதும் உலகில் நடந்திருக்கிறது. அறிக்கை மோசமாக இருந்தால் நம்பலாம். நன்றாக இருந்தால் மட்டும் முழுதாக நம்ப முடியாது.

விலையைக் கணக்கிடும் முறை

‘பாதி விலை’ என்ற சொல் நம்மை மயக்கும். மாதக் கணக்காக மாற்றிப் பாருங்கள். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். புதிய பாகம் ரூ.1,800, உத்தரவாதம் 36 மாதம். பழைய பாகம் ரூ.600, உத்தரவாதம் 3 மாதம்.

உறுதியான ஒரு மாதத்துக்குப் புதியதின் விலை 1,800 ÷ 36 = ரூ.50. பழையதின் விலை 600 ÷ 3 = ரூ.200. பழையது நான்கு மடங்கு விலை போலத் தோன்றும். ஆனால் உத்தரவாதம் முடிந்த மறுநாளே எந்தப் பாகமும் செத்துவிடுவதில்லை. ஆகவே கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டும்: பழையது எத்தனை மாதம் உழைத்தால் புதியதற்கு ஈடாகும்? 600 ÷ 50 = 12 மாதம். ஓர் ஆண்டைத் தாண்டி உழைத்தால் நமக்கு இலாபம், அதற்குள் போனால் நட்டம்.

இனி அந்த மூன்று கேள்விகளுக்குத் திரும்புவோம். சோதித்து எடுத்த ரேம் ஓர் ஆண்டைத் தாண்டும் என்று நம்பக் காரணம் இருக்கிறது. 26,000 மணி நேரம் ஓடிய வன்தட்டு தாண்டுமா? யாரும் சொல்ல முடியாது. எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில் இந்தக் கணக்கே பொருந்தாது. அது போகும்போது தன் விலையை மட்டுமா கொண்டுபோகிறது?

முழுக் கணினியே வாங்குவதானால்

சில பள்ளிகளில் நன்கொடையாளர்கள் முழுக் கணினியையே புதுப்பித்ததாக வாங்கித் தர முன்வருகிறார்கள். தொடக்கப் பள்ளியில் எண்ணும் எழுத்தும் வகுப்புக்குப் பாடல் ஒளிபரப்பவும், மணற்கேணி காணொளி காட்டவும் ஒரு நல்ல பழைய கணினி தாராளமாகப் போதும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொதுவான ஆதரவு 14.10.2025 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட, இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். ஐ5-4570 என்று எழுதியிருந்தால் கோட்டுக்குப் பின் வரும் 4 நான்காம் தலைமுறையைக் குறிக்கும். ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை. ஐ5-10400 என்றால் பத்தாம் தலைமுறை.

நான்காம் தலைமுறைக் கணினியில் ‘விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம்’ என்று ஒருவர் சொன்னால், சோதனையைத் தாண்டிக் குறுக்கு வழியில் நிறுவித் தருகிறார் என்று பொருள். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தொடரும் என்ற உறுதி அதில் இல்லை. அப்படிப்பட்ட கணினிக்கு லினக்ஸ் நல்ல துணை. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் பயன்படுத்தலாம். எழுதவும் வரையவும் தட்டச்சுப் பழகவும் நம் பிள்ளைகளுக்கு அது போதும்.

பணமும் பதிவேடும்

நல்ல எண்ணத்தில் செய்தாலும் எழுத்தில் இல்லாவிட்டால் நாளை நமக்கே சிக்கல். நாங்கள் பின்பற்றியது இது.

• எந்தப் பாகம், ஏன் புதியது, ஏன் பழையது என்று ஒரு பக்கத்தில் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றினோம். அரசு நிதியாக இருந்தால் பழைய பொருள் வாங்க இடமுண்டா என்று அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.
• மூன்று இடங்களில் விலைப்புள்ளி பெற்றோம்.
• பில் இல்லாமல் எதையும் வாங்கவில்லை. பில்லில் ‘புதுப்பித்தது’ என்ற சொல்லையும், உத்தரவாதக் காலத்தையும், பாகத்தின் வரிசை எண்ணையும் எழுதச் சொன்னோம்.
• ‘டெஸ்டிங் வாரண்டி’ என்று கடையில் சொல்வது பெரும்பாலும் சில நாள்களுக்கானது. அந்த நாள்களுக்குள் சோதித்து முடிக்கும்படி வாங்கும் நாளைத் தேர்ந்தோம். தேர்வு விடுமுறைக்கு முந்தைய நாள் வாங்கிப் பூட்டிவைத்தால் உத்தரவாதம் அலமாரியிலேயே முடிந்துவிடும்.
• வாங்கியதை இருப்புப் பதிவேட்டில் ஏற்றினோம்.

நாங்கள் வாங்கியவை: புதிய எஸ்.எம்.பி.எஸ். ஒன்று, புதிய எஸ்.எஸ்.டி. மூன்று, புதுப்பித்த 2 ஜி.பி. ரேம் ஏழு. எட்டுக் கணினிகளிலும் ரேமை 2 ஜி.பி.யிலிருந்து 4 ஜி.பி.யாக உயர்த்த எட்டுப் பட்டைகள் தேவை. உதிரிபாகம் தந்த இரண்டு கணினிகளிலிருந்து இரண்டு கிடைத்தன. ஆறு வாங்கினால் போதும், ஒன்றைக் கூடுதலாக வாங்கி வைத்தோம். அன்றிரவே ஒவ்வொன்றாகச் சோதனையில் போட்டோம். ஏழில் ஒன்று திரை முழுக்கச் சிவப்பு வரிகளாகப் பிழை காட்டியது. மறுநாள் பில்லோடு போய் மாற்றிக்கொண்டோம். மீதிப் பணத்தில் நகல் எடுக்க ஒரு புதிய வெளிப்புற வன்தட்டு வாங்கினோம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் நகல் எடுப்பது இப்போது ஒரு மாணவக் குழுவின் பொறுப்பு.

வகுப்பறையில் இதை எப்படிப் பயன்படுத்தலாம்?

இந்த வேலை முழுவதும் ஒரு பாடமாகவே அமைந்தது. நீங்களும் முயன்று பார்க்கலாம்.

3 முதல் 5 வகுப்புகள்: கெட்டுப்போன விசைப்பலகையின் விசைகளைக் கழற்றி, சோப்பு நீரில் கழுவி உலர்த்திக் கொடுங்கள். எழுத்துகளை அடுக்கிச் சொல் உருவாக்கும் விளையாட்டுக்கு அருமையான பொருள். சுற்றுப்பலகைகளைச் சிறு பிள்ளைகளின் கையில் தரவேண்டாம். பழைய பற்றவைப்பில் ஈயம் இருக்கும்.

6 முதல் 8 வகுப்புகள்: மேலே சொன்ன மாத விலைக் கணக்கு. வீட்டில் வாங்கிய பொருள் ஒன்றின் விலையையும் உத்தரவாதத்தையும் கேட்டு வந்து, உறுதியான மாதத்துக்கு எவ்வளவு என்று கணக்கிடச் சொல்லுங்கள். விகிதமும் வகுத்தலும் உயிரோடு வரும்.

9, 10 வகுப்புகள்: மாறுதிசை, நேர்திசை மின்னோட்டம், வெப்பவிளைவு பற்றிப் பேசும்போது கணினிப் பெட்டியில் மின்விசிறி ஏன் இருக்கிறது, தூசி ஏன் எதிரி என்று விவாதிக்கலாம்.

மேல்நிலை வகுப்புகள்: ஸ்மார்ட் அறிக்கையை அச்சிட்டுக் கொடுத்துப் பதின்ம எண்ணாக மாற்றச் சொல்லுங்கள். சி5 என்ற வரி எண்ணே 12 × 16 + 5 = 197 என்று வரும். கணக்குப்பதிவியல் மாணவர்கள் அதே கணினிக்குத் தேய்மானம் கணக்கிடலாம்.

கழித்த பாகங்களை என்ன செய்வது?

வாங்குவதைப் பற்றிப் பேசும்போது விடுவதைப் பற்றியும் பேச வேண்டும். பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போடுவது எளிது. ஆனால் அங்கிருந்து செம்புக்காகக் கம்பிகள் எரிக்கப்படும் இடத்துக்குப் போகவும் கூடும். மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 நாட்டில் 1.4.2023 முதல் நடைமுறையில் இருக்கின்றன. பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களிடமே மின்னணுக் கழிவு சேர வேண்டும் என்பது அதன் நோக்கம். பள்ளிப் பொருள் என்பதால் கழிவு நீக்க நடைமுறையை முடித்து, பதிவேட்டில் நீக்கிய பிறகே அனுப்ப வேண்டும்.

அதைவிட முக்கியம் வன்தட்டு. அதில் பிள்ளைகளின் பெயர், பிறந்த நாள், பெற்றோர் கைபேசி எண், ஆதார் எண் எல்லாம் இருந்திருக்கும். ‘டெலீட்’ செய்தால் அழியாது, மீட்டெடுத்துவிடலாம். முழுத் தட்டையும் சுழிகளால் நிரப்பி அழிக்கும் மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும். ஓடாத வன்தட்டு என்றால் தட்டைச் சிதைத்த பிறகே வெளியே விடவேண்டும். நாம் பழையதை வாங்கும்போது யாரோ ஒருவரின் தகவல் நம்மிடம் வருகிறதா என்று பார்க்கிறோம் அல்லவா? நம் பிள்ளைகளின் தகவல் அப்படி யார் கையிலும் போய்விடக் கூடாது.

இப்போது

எட்டுக் கணினிகள் ஓடுகின்றன. 38 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழு கணினியிலும் ஒரு குழு மேசையில் திட்ட வேலையிலுமாக மாற்றி மாற்றி அமர்த்துகிறேன். ஒரு கணினிக்கு இரண்டு பேர், சிலவற்றில் மூன்று பேர். சன்னலுக்கு வெளியே பார்க்கும் வரிசை இப்போது இல்லை.

எட்டு மாதம் கழித்து, வாங்கிய ரேம்களில் ஒன்று பழுதானது. கணினி எழவில்லை, ‘பீப்’ ஒலி மட்டும் வந்தது. கூடுதலாக வாங்கிவைத்ததை எடுத்துச் செருகினோம். பத்து நிமிடத்தில் வகுப்பு தொடர்ந்தது. ஒரு கோப்பும் போகவில்லை. பழைய பாகம் என்றால் இப்படித்தான் பழுதாக வேண்டும். யாரையும் அழவைக்காமல்.

ஊர் வரலாற்றை இந்த ஆண்டு எட்டாம் வகுப்பு மீண்டும் எழுதத் தொடங்கியிருக்கிறது. அந்தப் பாட்டி சொன்ன கதைகளை அவருடைய மகளிடம் கேட்டு எழுதுகிறார்கள். சில விட்டுப்போயிருக்கின்றன. கிடைத்ததை வெள்ளிக்கிழமைதோறும் நகல் எடுக்கிறார்கள்.